கொடியில் கிடந்த குட்டிச் சட்டைகள்

வேலிக்கு இந்தப் பக்கம் பதுங்கி நின்று, சஜிதா கொடியில் கிடந்த துணிகளை எண்ணினாள். பாவாடை மூன்று, டவுசர் நான்கு, சட்டை ஏழு. எல்லாம் குட்டி குட்டியாக இருந்தன.

யாராவது பார்த்திருந்தால் துணி திருட வந்தவள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவளுக்கு வேண்டியது துணியல்ல, அதைப் போட்டுக்கொள்கிற பிள்ளைகள்.

சஜிதா ஓடைக்கரை அங்கன்வாடிக்கு டீச்சராக வந்து இருபது நாள்தான் ஆகிறது. யூனிபார்ம் சேலைகூட இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் சூப்பர்வைசர் வந்து, "அஞ்சு பிள்ளை குறையுது. வெள்ளிக்கிழமைக்குள்ள சேக்கலேன்னா இந்த சென்டரை மூடி, அடுத்த சென்டரோட சேத்திருவாங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

மூடினால் இப்போது வருகிற பன்னிரண்டு பிள்ளைகளும் லாரி பறக்கிற மெயின் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். கூட்டிப் போக யார் இருக்கிறார்கள்? அம்மைமார் எல்லாம் விடிந்ததும் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்துவிடுகிறவர்கள். பிள்ளைகள் பூட்டின வீட்டுக்குள்தான் கிடக்கும்.

"கதவத் தட்டி, பிள்ளை உண்டான்னு கேக்காதிய டீச்சர். கொடியப் பாருங்க, அது பொய் சொல்லாது" என்று வழி சொன்னவள் அங்கன்வாடியில் சமையல் செய்கிற ராகேல் அக்கா. அப்படிக் கொடி கொடியாகப் பார்த்துக்கொண்டே ஓடையைத் தாண்டி இந்தச் சந்து வரைக்கும் வந்தாயிற்று.

கதவைத் தட்டினாள். அது ஒரு சாண் அளவுக்குத் திறந்தது. நைட்டிக்கு மேல் துவர்த்துத் துண்டு போட்ட ஒரு அக்கா தலையை மட்டும் நீட்டினாள். சஜிதா கையிலிருந்த நீளமான ரிஜிஸ்டரைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆபீஸ்லேருந்தா வாறிய?"

இல்லை என்று சொன்னால் கதவு அடைபட்டுவிடும் என்று சஜிதாவுக்குத் தோன்றியது. கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள். "ஆமா, அங்கன்வாடி ஆபீஸ்லேருந்துதான். இந்த வீட்டுல எத்தன பிள்ளைய?"

"பிள்ளையா? இஞ்ச பிள்ளை ஒண்ணும் கெடையாது மேடம்."

'மேடம்' சஜிதாவுக்கு நன்றாகவே இனித்தது. "அப்ப கொடியில கெடக்க டவுசரு?"

அக்கா கொடியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். "அது எனக்க மாப்பிளைக்குள்ளது."

"ஒரு சாண் டவுசரா?"

"அவரு ரொம்ப மெலிஞ்ச ஆளு மேடம்."

சஜிதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். போன வாரம் ஒருத்தி, பிறப்புச் சர்ட்டிபிகேட் இல்லை என்று பயந்து பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். இதுவும் அந்தப் பயம்தான்.

"பயப்படாதீங்கக்கா. பைசா ஒண்ணும் வேண்டாம். மத்தியானம் சோறு உண்டு, கிழமைக்கு மூணு முட்டை உண்டு. சர்ட்டிபிகேட் இல்லேன்னா டீச்சரே கூட வந்து வாங்கித் தருவாங்க. பிள்ளைக்கு ஆதார் இல்லேன்னாதான் பேரு ஏத்த ஒரு மாசம் ஆவும்."

"அதுக்கு எதுக்கு ஒரு மாசம்? அம்மைக்க ஆதார வச்சே போன்ல ஏத்தீரலாம்லா" என்ற அக்கா, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விவரமான ஆள் என்று சஜிதா நினைத்துக்கொண்டாள். விவரமானவர்களை வளைப்பதுதான் கஷ்டம். குரலை இன்னும் இளக்கினாள். "ஓடைக்கரை சென்டருக்கு அனுப்புங்கக்கா. அங்க புதுசா வந்திருக்க டீச்சர் தங்கமான பிள்ளை. காலையில ஏழு மணிக்கே வந்து நிப்பா."

அக்காவுக்குக் கண் கலங்கியது. "அங்க மட்டும் போவச் சொல்லாதிய மேடம். அம்புட்டுத் தூரம் இந்தப் பிஞ்சுக நடக்குமா?"

"எந்தப் பிஞ்சுக?"

"ஒண்ணும் இல்ல."

அப்போது உள்ளேயிருந்து பூனைக்குட்டி தும்முவது போல ஒரு தும்மல் கேட்டது.

"மாப்பிளையா?" என்றாள் சஜிதா.

"ஆமா மேடம். ரெண்டு நாளா சளி."

இனி கேட்டுப் பயனில்லை. சஜிதா ஜன்னலோரம் போய் நின்று, பயிற்சியில் சொல்லிக் கொடுத்த பாட்டில் ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டாள்.

"குட்டி ஆனை குளிக்கப் போச்சு, சோப்பை எங்கே காணமே!"

அடுத்த நொடி கூரை அதிர்ந்தது.

"தும்பிக்கைக்குள் ஒளிச்சு வச்சுத் தூங்கிப் போச்சே ஆனையே!"

ஒரு குரல், இரண்டு குரல் இல்லை. கூட்டமாகப் பாடி, கடைசியில் தப்பாமல் மூன்று தடவை கையும் தட்டின.

சஜிதா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அறை முழுக்கப் பாய், பாய் முழுக்கப் பிள்ளைகள். மூக்கு ஒழுகினபடி ஒன்று, பாதிச் சட்டையோடு ஒன்று, முட்டையின் மஞ்சளைக் கன்னத்தில் அப்பிக்கொண்டு ஒன்று. பதினாலு வரைக்கும் எண்ணினாள்.

ஐந்துக்கு அலைந்தவளுக்குப் பதினாலு! சென்டர் பிழைத்தது. ரிஜிஸ்டரை விரித்து, பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினாள்.

அக்கா ஓடி வந்து பேனா பிடித்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிராதிய மேடம், கூரை ஒழுகுதுன்னுதான் எனக்க அங்கன்வாடிய வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன்!"