திரும்பி வருகிற ஆள்

அகராதியைத் தொடாமல், நரிக்கதையில் தொடங்கி நாவல்வரை நூறு ஜப்பானியப் புத்தகங்களைப் படித்திருந்தான் சென்னகிருஷ்ணன். ஓசூர் தொழிற்சாலையிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பான் போக ஒருவருக்குத்தான் இடம். நேர்காணலுக்கு வந்திருந்த ஜப்பானிய அதிகாரி அவனோடு அரைமணி நேரம் சிரித்துப் பேசினார். மனைவி மங்கம்மா ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டாள்.

அறிவிப்புப் பலகையில் உடன் வேலை பார்க்கும் கங்கப்பன் பெயர் இருந்தது.

மேனேஜரிடம் ஓடினான். "சார், அவனுக்கு அந்த பாஷையில வணக்கம் சொல்லக்கூடத் தெரியாதே!"

"அதனாலதான்யா அவன். ஆறு மாசத்துல அலறிக்கிட்டு ஓடியாருவான். நீ அங்கியே வேலை தேடிக்கிட்டு உக்காந்துக்குவ."

"என்னைப் பாத்தா அப்படியா சார் தெரியுது?"

கோபமாக வெளியே வந்தவன், ஒசாகா கம்பெனி ஒன்றுக்குப் பிழையில்லாத ஜப்பானிய மொழியில் எழுதி வைத்திருந்த வேலை விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தான்.