பட்டை உரித்த மரம்

அமெரிக்காவின் சஸ்குவஹானா ஆற்றங்கரைச் சோளக்கொல்லையில் ஜேபஸ் குப்புறச் செத்துக் கிடக்கிறான். அவன் முதுகை முறித்த காய்ந்த ஓக் கிளை இன்னும் மேலேயே கிடக்கிறது. மரம் வெட்ட உடம்பு வளையாத இந்தக் காட்டெல்லை ஆண்கள் பட்டையைச் சுற்றி உரித்து, மரத்தை நின்றபடியே சாகவிட்டு, அடியில் சோளம் விதைக்கிறார்கள். கொல்லை முழுக்க மொட்டை மரங்கள் வெயிலில் எலும்பாய் வெளுத்து நிற்கின்றன. வீட்டு வாசலில் சாத்திய கோடரியில் சிலந்தி வலை மினுங்குகிறது. அவன் மனைவி மெகிட்டபெலுக்கு அழுகை வரவில்லை.

"வெட்டு வெட்டுன்னு மூணு வருஷமா கத்துனேன். அதுவா விழும்டின்னான். விழுந்துடுச்சு."

சாவுச் செய்தி கேட்டு வந்த போதகர் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொள்கிறார். "எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா."

அவருக்கு நேர் மேலே ஒரு கிளை கிரீச்சிடுகிறது.

"தள்ளி நில்லுங்கய்யா," என்கிறாள். "அந்தச் சித்தம் உங்க தலைக்கு மேலயும் தொங்குது."