பேர் சொல்லாத பேச்சு

"காம்பவுண்டை இந்தக் கோடையோட கழட்டி விட்டுடணும்ப்பா. அவ்வளவுதான்" என்றான் பெரியவன், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி.

தலையணையில் சாய்ந்திருந்த அப்பாவுக்குச் சுருக்கென்றது. காம்பவுண்டு அவர்கள் ரசிக்கும் கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர். பந்து தாண்டவே தாண்டாது என்பதால் ரசிகர்கள் வைத்த பெயர். இப்போது நாற்பதை நெருங்குகிறான், முட்டி போய்விட்டது.

"வாயைக் கழுவுடா. இத்தனை வருஷம் நம்ம மானத்தைக் காப்பாத்தினவன் அவன்."

"போன சீசன்ல அந்த மானமெல்லாம் அவன் கால் நடுவுலதான போச்சு" என்றான் சின்னவன். அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருப்பவன், குறும்புக்குக் குறைச்சலில்லை. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அவர் அறைக்கு வந்து எத்தனையோ மாதமாகிறது. வந்தாலும் வாசலிலேயே நின்று "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இன்று டீயும் கையுமாக வந்து, வாக்கரை ஓரமாக நகர்த்திவிட்டு, பழையபடி கிளப் யாரை வாங்கியது, யாரை விற்கிறது என்று சண்டை போடுகிறார்கள்.

"கோல் போட ஆள் இல்லாம அல்லாடறோம். இவனுங்க அள்ளிக் குடுத்து இன்னொரு கோல்கீப்பரை வாங்கியிருக்கானுங்க. அடுப்பே இல்லாத வீட்டுக்குக் குக்கர் வாங்கின மாதிரி" என்று பொரிந்தார் அப்பா.

"வாங்கியாச்சுல்லப்பா? வந்தவனுக்கு இடம் வேணாமா?"

"ஓரமா பெஞ்சில உக்காரட்டும்."

"எத்தனை நாளைக்கு?" பெரியவன் விடவில்லை. "காம்பவுண்டு நிலைமையையும் பாருங்க. குனிஞ்சா நிமிர முடியல, நிமிர்ந்தா குனிய முடியல. பாக்கிறவங்களுக்குத்தான் வேதனை."

பந்து என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து போகிற மூத்த மருமகள்கூட இன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ என்னம்மா சொல்றே?" என்றார் அப்பா.

"எனக்கென்ன தெரியும் மாமா? முடியாதவங்களை நல்லபடியா அனுப்பி வெச்சா அவங்களுக்கும் நிம்மதி. தெருச் சத்தம் ஜாஸ்தியா இருக்குல்ல?" அவளே எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பாருங்கடா, இவளுக்கு இருக்கிற அறிவு நம்ம மேனேஜருக்கு இல்ல" என்று சிரித்த அப்பாவின் பார்வை, டீ டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த பெரியவனின் போன் மேல் விழுந்தது. "என்னடா, தங்கச்சி கூப்பிடறேன்னாளா? நான் சாப்பிட்டாச்சுன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்ப மாட்டா, சரி, எங்கிட்டயே குடு."

"ஆமாம்ப்பா. எதுன்னாலும் உங்க வாயால கேட்டாதான் அவளுக்குத் திருப்தி" என்றான் பெரியவன். பிறகு சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "அப்பா, அந்தப் பேர் சொல்லாத ஆட்டம் ஆடலாமா?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. அந்தக் காலத்தில் மைதானத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்தவர் அவர். சாப்பிட அடம் பிடிக்கும் பிள்ளைகளுக்காக அவரே கண்டுபிடித்த ஆட்டம் அது. ஓர் ஆட்டக்காரன் மாதிரியே பேச வேண்டும். பேர், பந்து, கோல் என்று எதுவும் வாயில் வரக் கூடாது. யாரென்று பிள்ளைகள் கத்துவார்கள், கத்துகிற வாயில் ஒரு கவளம் போகும்.

"காம்பவுண்டு தானாவே கிளம்பறான்னு வைங்க. எப்படிப் பேசுவான்? பந்துன்னு ஒரு வார்த்தை வந்தாலும் நீங்க அவுட்."

"யாரு, நானா அவுட் ஆவேன்?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னை நெனச்சு யாரும் வருத்தப்படாதீங்க. எனக்கு முட்டி போயிடுச்சு, முன்ன மாதிரி முடியல. என்னால உங்களுக்குக் கஷ்டம் வேணாம். புதுசா வர்றவங்களுக்கு நான்தான் இடம் விடணும். எனக்குன்னு வேற ஒரு இடம் பாத்துக் குடுங்க, சந்தோஷமா போயிடறேன்." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டார். "யாரும் என்னை அனுப்பல. நானாத்தான் போறேன்."

சொல்லி முடித்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. பாவம் காம்பவுண்டு, எப்படி ஆடியவன்!

"பிரமாதம்ப்பா" என்றான் பெரியவன். போனை எடுத்துக்கொண்டு எழுந்தான். சின்னவனும் பின்னாலேயே போனான். மருமகள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டாள்.

"டேய், யாருன்னு கத்தாமலே போறீங்களேடா!" அப்பா சிரித்துக்கொண்டே கேட்டது, அவள் சாத்திவிட்டுப் போன கதவில் பட்டு நின்றது.

கூடத்தில் பெரியவன் போனில் பதிவானதை இரண்டு தட்டில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. எடுத்ததும் மறுமுனையில் தங்கச்சியின் விசும்பல்.

"அழாதம்மா, அவர் வாயாலயே கேட்டுட்டே இல்ல? நாளைக்கே முதியோர் இல்லத்துல சேத்துடறோம்."