நாலு நாள் கிடை

"என் காட்டுல கிடை வேண்டாம், கீதாரி. ஆட்டையெல்லாம் சங்கையா காட்டுக்குப் பத்திக்கிட்டுப் போ."

பலவேசம் இப்படிச் சொன்னதும் கீதாரி ஆண்டிச்சாமி திகைத்துப் போனான். அறுபத்திரண்டாம் வருட ஆவணி அது. இருநூறு செம்மறிகளை ஓட்டிக்கொண்டு கிழக்கேயிருந்து முதல் தடவையாக இந்தப் பக்கம் வந்திருக்கிறான். உரத்துக்காக ராத்திரியில் ஆடுகளை யார் புன்செய்க் காட்டில் எத்தனை நாள் கிடை அடைப்பது என்று ஊரே கூடிச் சீட்டுப் போட்டிருந்தது. முதல் நாலு நாள் பலவேசத்துக்கு விழுந்தது. மழைக்கு முன்னால் மண்ணில் சேரும் புழுக்கைக்குத்தான் மதிப்பு. சங்கையாவின் முறையோ கடைசி. அதற்குள் மழை இறங்கிவிடும்.

"மொத முறையைப் போயி யாராவது வேண்டாம்பாகளா, அண்ணாச்சி? சங்கையா உங்களுக்கு அம்புட்டு வேண்டியவரா?"

"வேண்டியவனா? அவன் மூஞ்சியில முழிச்சு ரெண்டு வருசமாச்சு!"

"பெறகு எதுக்கு?"

பலவேசம் கொஞ்சம் தடுமாறினார். "அவன் காடு மேட்டுல கெடக்கு. மழை பேஞ்சா சத்தெல்லாம் வழிஞ்சு என் காட்டுக்குத்தான வரும்?"

"அதுவரைக்கும் உங்க காட்டுக்கு?"

"உரத்துக்குக் கம்மாயில கரம்பை வண்டல் கெடக்கு. கரை நெடுக கொளுஞ்சித் தழை கெடக்கு. சுமந்து போட்டுக்கிடுவேன். நான் சொன்னேன்னு மட்டும் மூச்சு விடக்கூடாது. பலவேசம் சர்க்கார் உரமூட்டை வாங்கப் போறானாம், கிடை வேண்டாமுன்னுட்டான்னு சொல்லு."

கிளம்பியவனை மறுபடியும் கூப்பிட்டார். "ஒரே எடத்துல அடைச்சிராத. தெனமும் பட்டியை நகத்து. ஒரு மூலை பாக்கி இருக்கக்கூடாது, ஆமா."

சங்கையாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆடுகள் வரப்பைத் தாண்டி உள்ளே இறங்கிய பிறகுதான் முகம் மலர்ந்தது.

"ரெண்டு வருசமா கம்பு, குதிரைவாலி, பாசிப்பயறு ஒண்ணுமே வாய்க்கல, கீதாரி. மண்ணு செத்துக் கெடக்கு. இந்த வருசமும் போச்சுன்னா மகனையும் மருமகளையும் சிவகாசிக்குத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிர வேண்டியதுதான்னு இருந்தேன். சாமியா பாத்து உன்னைய அனுப்பிருக்கு."

"பலவேசம் அண்ணாச்சிக்கு உரமூட்டை வருதாம்..."

"வரட்டும், வரட்டும்! உப்பைக் கொட்டி மண்ணைக் கெடுக்கட்டும். முரட்டுப் பய!" என்று சிரித்தார் சங்கையா.

பட்டியை நட்டு முடித்துவிட்டு ஆண்டிச்சாமி சுற்றிலும் பார்த்தான். பலவேசத்தின் காடு கண்மாய்க்கு அந்தப் பக்கம், நல்ல மேட்டில் இருந்தது. இங்கே பெய்கிற மழையில் ஒரு சொட்டுக்கூட அங்கே ஏறாது.

என்ன மனிதர் இவர்? ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சொன்னபடியே தினமும் பட்டியை நகர்த்தினான். கண்மாய்க்குள்ளிருந்து பலவேசம் கூடை கூடையாகக் கரம்பை சுமந்து மேடேறுவது காலையும் மாலையும் தெரிந்தது.

நாலாம் நாள் காலையில் சங்கையாவின் மருமகள் முத்துப்பேச்சி கூழ்ச்சட்டியோடு வந்தாள். நிறைமாதம். சட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். கறுத்து மினுங்கிய காட்டை மூலைக்கு மூலை பார்த்தாள்.

"அண்ணே, நெசத்தைச் சொல்லுங்க. ஆட்டை இங்கன பத்தச் சொன்னது அவுகதான?"

"எவுக?" என்றான் ஆண்டிச்சாமி, தெரியாதவன் போல. "பலவேசம் அண்ணாச்சின்னா, அவரு உரமூட்டை வாங்கப் போறாரும்மா. அதான்..."

"அந்த மூட்டையை அவுக தொடக்கூட மாட்டாக."

"அது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

முத்துப்பேச்சி கண்மாய்ப் பக்கம் திரும்பினாள். தூரத்தில் ஒரு கூடை மெதுவாக மேடேறிக்கொண்டிருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவுக பேச்சை மீறி இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலருந்து என் மூஞ்சியவே பாக்குறதில்லண்ணே. அதுக்காக என்னைப் பெத்த அய்யாவை எனக்குத் தெரியாமப் போயிருமா? அவுகளுக்கு அந்த முதுகுவலி இப்பத் தேவலையா?"