போனுக்குள் இருமல்

2020 ஏப்ரல் மாதம். தென்காசியிலிருந்து யாரைப் போனில் கூப்பிட்டாலும் மணி அடிக்கும் முன் ஓர் இருமல் கேட்டது. பிறகு கொரோனா எச்சரிக்கை.

"அண்ணே, தொடாத! அதுக்குள்ள இருமுது!"

விஜயசங்கர் போனைத் தலையணைக்கடியில் திணித்து மேலே உட்கார்ந்துகொண்டான். மணி அடித்து ஓய்ந்தது.

கூப்பிட்டது அக்கா குழல்வாய்மொழி. சென்னையில் நர்ஸ். பதினோரு வருடமாகத் தம்பிக்கு மனநோய். சோற்றில் விஷம் என்பான், சுவருக்குள் ஆள் என்பான். அக்கா சொன்னால்தான் மாத்திரை போடுவான். தினமும் சாயங்காலம் அவள் கூப்பிடுவாள், இவன் விழுங்குவான். ஐந்து நாளாக, எடுத்த உடனே அலறிக் கட் செய்கிறான். மாத்திரையும் இல்லை. போனை அண்ணனிடமும் தருவதில்லை, நோய் ஒட்டிவிடுமாம்.

"நோயை டவர்ல ஏத்தி அனுப்புதானுவ. அக்கா நெஞ்சு கொரகொரங்குது. போய்க் கூட்டிட்டு வாண்ணே."

"பஸ்ஸே ஓடலை, எதுல போக?" குற்றாலத்தில் வேலை பார்த்த லாட்ஜைப் பூட்டியதிலிருந்து அண்ணன் குத்தாலிங்கம் வீட்டில்தான் கிடக்கிறான். "ஏலே, அது கவர்மென்ட் வச்ச இருமல்லே. இந்தா, கேளு."

தன் போனில் ஏதோ ஓர் எண்ணை அழுத்தித் தம்பி காதில் வைத்தான்.

விஜயசங்கர் தலையை ஆட்டினான். "இது ஆம்பளை இருமலு. அது அக்கா இருமலு."

"இருமல்ல என்னலே ஆம்பளை பொம்பளை?" குத்தாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இருந்தாலும் அக்காவைக் கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. வாட்ஸப்பில் பதில் வந்தது: 'நல்லாத்தான் இருக்கேன். டியூட்டி ஜாஸ்தி. தம்பிய மாத்திரை போட வை.'

தம்பிக்கு மருந்து கொடுக்கும் டாக்டர் எபனேசரைப் போனில் பிடித்தான்.

"ஊரெல்லாம் அதே பேச்சு, அவன் மனசும் அதையே பிடிச்சிக்கிட்டு," என்றார் அவர். "முன்னால விஷம், இப்போ கொரோனா. மாத்திரையைக் கூட்டுவோம்."

தம்பி எதை நினைத்துப் பயந்தானோ அதையே அண்ணன் செய்தான். மாத்திரையைச் சோற்றில் பிசைந்து கொடுத்தான். நான்கு நாள் விஜயசங்கர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்தான். ஐந்தாம் நாள் காலை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, ரெண்டு நாளா இருமல் கேக்கலை."

குத்தாலிங்கம் தன் போனை எடுத்தான். உடனே டாக்டருக்கு அடித்தான். "மருந்து பிடிச்சிட்டு டாக்டர்! இருமல் நின்னுட்டாம்!"

"நான்தான் சொன்னேனே. இதே அளவிலே தொடருங்க."

வைத்த கையோடு போன் அடித்தது. சென்னை எண். எடுத்தான். நேராக ஒரு பெண் குரல் பேசியது.

"குழல்வாய்மொழி சிஸ்டரோட தம்பிங்களா? பத்து நாளா இருமலை மறைச்சுக்கிட்டே டியூட்டி பார்த்திருக்காங்க. முந்தாநாள் வென்டிலேட்டர்ல வச்சோம். இன்னைக்குக் காலையில தவறிட்டாங்க. பாடியை ஊருக்கு அனுப்ப மாட்டாங்க சார்."

அரசாங்கம் வைத்த இருமல் கூப்பிடுகிறவர் காதில்தான் விழும், எடுப்பவர் காதில் விழாது. விஜயசங்கர் ஒரு நாளும் அக்காவைக் கூப்பிட்டதில்லை. எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள்.