ஷட்டருக்கு உள்ளே

டிரேவர் விட்ட அறையில் அந்த ஆள் சுருண்டு விழுந்தான். ஏற்கெனவே கிழிந்திருந்த உதட்டிலிருந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது.

"யாரும் கை வைக்காதீங்க. இவனை எங்கிட்ட விடுங்க." காலரைப் பிடித்துத் தன் பஞ்சர் கடைக்குள் தரதரவென்று இழுத்துப் போனான் டிரேவர். ஷட்டர் தடதடவென்று இறங்கியது.

ஐரின் கூட்டத்தோடு வெளியே நின்றாள். இத்தனைக்கும் காரணம் அவளுடைய பழைய போன். விவேக் நகர் பஸ் ஸ்டாப்பில் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவனை ஜனங்கள் மடக்கி, போனை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஹெல்மெட்டாலும் செருப்பாலும் மொத்தினார்கள். ஒருத்தன் இரும்புக் கம்பியை ஓங்கியபோதுதான் டிரேவர் நடுவில் புகுந்தான்.

உள்ளே முதலில் ஓர் அலறல் கேட்டது. அதன் பிறகு தொம்மென்று ஓர் அடி. மறுபடி அலறல், மறுபடி அடி.

"கையை ஒடச்சு அனுப்புங்கண்ணா," என்று வெளியிலிருந்து கத்தினான் கம்பிக்காரன்.

"போதும், விட்டுடுங்க. போன்தான் கெடச்சிடுச்சே." ஐரின் ஷட்டரைத் தட்டிப் பார்த்தாள். அடி நிற்கவில்லை. போலீசுக்குப் போன் செய்தாள்.

பைக்கில் ஒரே ஒரு ஹெட் கான்ஸ்டபிள்தான் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கூட்டத்தைப் பார்த்துத் தமிழும் கன்னடமும் கலந்து சத்தம் போட்டார்.

"சின்னத் திருட்டு, பொருளும் வந்தாச்சு. முதல் தடவைன்னா கோர்ட்டு அவனைச் சமூக சேவை செய்யச் சொல்லும். ரோடு கூட்டுவான், அவ்ளோதான். அவன் செத்தான்னா, அடிச்ச அத்தனை பேருக்கும் ஆயுள் தண்டனை. ஹோக்ரி, போங்க."

ஒருத்தரும் அசையவில்லை. "அவனை வெளிய விடுங்க சார். தீர்ப்பை நாங்க சொல்லிக்கறோம்," என்றான் கம்பிக்காரன்.

ஹெட் கான்ஸ்டபிள் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கிக் குனிந்து நுழைந்தார். ஐரினும் பின்னாலேயே நுழைந்தாள். உள்ளே ஒரே இருட்டு. டிரேவர் கையில் சுத்தியலோடு மூச்சு வாங்க நின்றிருந்தான்.

"அதைக் கீழ போடுடா. உன்மேலதான் முதல் கேஸு."

டிரேவர் ஷட்டரை மறுபடி இழுத்து மூடிவிட்டு, சுத்தியலை அவரிடம் நீட்டினான்.

"கை ஓஞ்சு போச்சு சார். மூலையில உக்காந்து கத்தறதை இவன் பாத்துக்குவான். கூட்டம் கலையற வரைக்கும் இந்த லாரி டயரை நீங்க அடிங்க."