டவர் இல்லாத ஊர்

"ஸ்பிதி நக்கோ, வேணாம் பிளெசி! இமயமலையில ஒத்தப் பொம்பளையாப் போய் என்ன செய்வே? ஊட்டிக்குப் போயேன்," என்று மாமியார் மெட்டில்டா மன்றாடினார்.

"ஊட்டியில டவர் இருக்கு, அத்தை."

"அதனாலதாம்மா சொல்றேன்! ஸ்பிதியில ஏதாவது ஆச்சுன்னா செல்போன்கூட எடுக்காதாமே. சர்ச்சுல எல்லாரும், 'கைக்கு, எதுக்கு இந்தப் பிடிவாதம்?'னு என்னையக் கேக்குறாங்க."

பிளெசி கம்பளி ஆடைகளைப் பையினுள் அடுக்கினாள். மெட்டில்டா கண்களைத் துடைத்தவாறு உள்ளறைக்குச் சென்றார்.

சற்று நேரத்தில் பிளெசியின் கைப்பேசி ஒருமுறை ஒலித்து அடங்கியது. திரையில் 'ஜோசியா' என்னும் பெயர் ஒளிர்ந்தது. ஹைடெக் சிட்டி அலுவலகத்திலிருந்து புறப்படுகையில் அவள் கணவன் வழக்கமாகக் கொடுக்கும் மிஸ்டு கால் அது. 'கிளம்பிவிட்டேன், தேநீருக்கு அடுப்பை மூட்டு' என்பது அதன் பொருள்.

"போன் வந்துச்சாம்மா?" என்று கேட்டவாறு மெட்டில்டா திரும்பி வந்தார்.

பிளெசி அவரது கரத்தைப் பற்றினாள். "அவர் இறந்துபோய் ஒரு வருஷமாச்சு, அத்தை. அவரோட போன் உங்க பீரோவுலதான் இருக்குன்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

மெட்டில்டா அதிர்ந்து நின்றார். "நீ சாப்பிடாம அழுதுட்டே கெடந்தியேம்மா. அவன் பேரைப் பார்த்தா ஆறுதலா இருக்கும்னுதான் செஞ்சேன். இனிமே கூப்பிட மாட்டேன். நீ போகாதே."

"நக்கோ அத்தை. இங்கே கால் வரலேன்னா, அவர் மறுபடியும் செத்துடுவார். அங்கே வரலேன்னா, டவர் இல்லைன்னு நினைச்சுக்குவேன்."